நிருபர் நாற்காலியிலிருந்து பயிற்றுநர் வேலைக்கு: டி.டி.டி., பாடத்திட்டம், கட்டணம் பற்றிய சந்தேகங்கள்

செய்திமேசை_கேஎல்

வணக்கம். செய்தித்துறையை விட்டு வெளியே வந்த மூன்று பேர் (நாளிதழ் துணையாசிரியர், டிவி நிருபர், கேமராமேன்) சேர்ந்து கோலாலம்பூரில் ஊடகப் பயிற்சி நடத்த இறங்கியிருக்கிறோம். கையில் இப்போது இரண்டு விசாரிப்பு.

முதலாவது பினாங்கு, பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. 12 மேலாளர்களுக்கு ஒரே நாளில், நிருபர்கள் முன்னால் பேசப் பழக்க வேண்டும். மலாயும் ஆங்கிலமும். கட்டணத்தை எச்.ஆர்.டி. கார்ப் (அரசின் மனிதவள மேம்பாட்டு அமைப்பு) லெவியிலிருந்து, அதாவது ஊழியர் பயிற்சிக்காக நிறுவனங்கள் அங்கே கட்டும் தொகையிலிருந்து எடுப்பார்களாம். மற்றது கிள்ளான் பள்ளத்தாக்கு ஆலய நிர்வாகங்களும் சில பொது இயக்கங்களும் சேர்ந்து கேட்பது: பத்திரிகை அறிக்கை எழுதும் பட்டறை, அரை நாள், தமிழில்.

டி.டி.டி. (டிரெய்ன் தி டிரெய்னர், பயிற்றுநர்களுக்கான பயிற்சி) சான்றிதழ் யாரிடமும் இல்லை. முதல் வேலையை எடுக்க முடியுமா? தெரிந்த தொழிலை ஒரு நாள் பாடமாக எப்படிக் கட்டுவது? ஸ்லைடு எத்தனை இருக்கலாம்? கட்டணம் எந்தக் கணக்கில் போடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை

அக்கா, முதலில் பணம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். டி.டி.டி. வேண்டுமா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.

10 அல்லது அதற்கு மேல் மலேசிய ஊழியர் உள்ள நிறுவனங்கள், 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை லெவியாகக் கட்டுகின்றன. 5 முதல் 9 பேர் வரை உள்ள நிறுவனம் விரும்பினால் 0.5 விழுக்காடு கட்டிச் சேரலாம். கட்டிய லெவியைப் பயிற்சிக்குத் திரும்ப எடுக்க வேண்டுமானால் மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும். பயிற்சி நடத்தும் நிறுவனம் எச்.ஆர்.டி. கார்ப்பில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வகுப்பில் நிற்கும் பயிற்றுநர் டி.டி.டி. முடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதிலிருந்து விலக்கு வாங்கியிருக்க வேண்டும். மானிய விண்ணப்பம் வகுப்புத் தொடங்கும் முன்பே போயிருக்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் ஆட்கள் வழுக்குகிறார்கள். "முதலில் வகுப்பை முடிப்போம், பாரம் அப்புறம் அனுப்பலாம்" என்று தொழிற்சாலை மனிதவளப் பிரிவே சொல்லும். அப்படி நடத்திவிட்டால் லெவியிலிருந்து ஒரு காசு பெயராது. பிறகு உங்கள் கட்டணம் அவர்களுடைய பட்ஜெட்டில் இல்லாத செலவாகிவிடும், இழுத்தடிப்பார்கள்.

விலக்கு கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள். அதற்குக் காட்ட வேண்டியது கற்பித்த, பயிற்சி நடத்திய சான்றுகள். எத்தனை பெரிய செய்தியை உடைத்தீர்கள் என்பது அங்கே எடுபடாது. டி.டி.டி. வழக்கமாக 5 நாள். தேவையை ஆராய்வது, பாடம் வடிவமைப்பது, நடத்துவது, மதிப்பிடுவது என்று போய், கடைசியில் ஒரு பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும். அதற்கென்று தனியாக எதையும் தயாரிக்காமல் பினாங்கு வகுப்பில் ஒரு பகுதியையே எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று பேரும் போகத் தேவையில்லை. முன்னால் நின்று நடத்தப்போகிறவர் முடித்தால் போதும். கேமரா பிடிப்பவர் உதவியாளர்தான்.

உங்களுக்குச் சொந்தமாகப் பதிவு இல்லையென்றால், ஏற்கெனவே பதிவு பெற்ற ஒரு பயிற்சி நிறுவனத்தின் பெயரில் நடத்துங்கள். அவர்கள் பங்கு எடுப்பார்கள், விண்ணப்பத் தலைவலியும் அவர்களோடு போகும். அப்போதும் டி.டி.டி. வேண்டும். தொழிற்சாலை லெவியைத் தொடாமல் கைப்பணத்தில் கட்டுவதாக இருந்தால் இந்தச் சான்றிதழ் எதையும் கேட்கமாட்டார்கள்.

ஆலயப் பட்டறைக்கு இது ஒன்றும் தேவையில்லை. அதை முதலில் நடத்திவிடுங்கள்.

வருகைப் பதிவில் பெயர் மைகார்டில் (அடையாள அட்டை) உள்ளபடியே இருக்கட்டும். "மேனேஜர் ரவி" என்று கையெழுத்துப் போட்ட தாளை வைத்துக்கொண்டு பிறகு மல்லுக்கட்ட முடியாது.

---

மூன்றாம்_மைக்

ஸ்லைடு எத்தனை என்ற கேள்வியையே விட்டுவிடுங்கள். நிமிடத்தை எண்ணுங்கள்.

எச்.ஆர்.டி. கார்ப் கணக்கில் முழுநாள் என்றால் 7 மணி நேரம், அதாவது 420 நிமிடம். மதிய உணவு இதில் சேராது. காலை, மாலை தேநீருக்கு 15 + 15 போனால் 390. இப்போது ஒரு ஆளைக் கேமரா முன் உட்கார வைத்தால் பேட்டி 3 நிமிடம், அதைப் போட்டுப் பார்க்க 3 நிமிடம், திருத்தம் சொல்ல 4 நிமிடம். ஆக ஆளுக்கு 10. ஒரு கேமரா, 8 பேர் என்றால் ஒரு சுற்றுக்கு 80 நிமிடம், மூன்று சுற்றுக்கு 240. மீதி 150 நிமிடம்தான் உங்களுக்கு. தொடக்கம் 30, செய்திக் குறிப்பு எழுதுவது 60, நெருக்கடி அறிக்கை 40, முடிவில் மதிப்பீடு 20. முடிந்தது நாள். ஸ்லைடு காட்ட எங்கே இடம்? பத்துப் பன்னிரண்டு இருந்தாலே தாராளம்.

12 பேர் என்றால் இந்தக் கணக்கு உடைகிறது. ஒரு சுற்றே 120 நிமிடம் ஆகிவிடும். அப்புறம் என்ன நடக்கும் என்றால் மூன்றாவது சுற்றை வெட்டுவார்கள். அதை வெட்டினால் பயிற்சியே இல்லை. முதல் சுற்றில் மனிதர் தடுமாறுவார், இரண்டாவதில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிப்பார், மூன்றாவதில்தான் சொந்தமாகப் பேசத் தொடங்குவார். ஆகவே 12 பேருக்கு இரண்டு அறை, இரண்டு கேமரா, கேள்வி கேட்க இரண்டு பேர். நீங்கள் மூவர் இருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று.

சுற்றுகளை இப்படி வையுங்கள். முதல் சுற்று எந்தத் தயாரிப்பும் இல்லாமல், காலை 9.30க்கே, பாடம் எதுவும் சொல்லும் முன். கேள்விகள் சுலபமாக இருக்கட்டும்: கொம்பெனி என்ன செய்கிறது, எத்தனை பேருக்கு வேலை, இந்த ஆண்டு என்ன திட்டம். இதைப் பத்திரமாக வையுங்கள், மாலையில் மூன்றாவது சுற்றோடு பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். இரண்டாவது சுற்றில் உட்கார்ந்தபடி கடினமான கேள்விகள்: ஆட்குறைப்பு, வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதி, கழிவுநீர். மூன்றாவது நின்றபடி, வாசல் பக்கம், மூன்று பேர் மைக்கை நீட்டிக்கொண்டு ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக் கேட்பது. மற்ற பங்கேற்பாளர்களையே நிருபராக நிறுத்துங்கள், கையில் கேள்விச் சீட்டு கொடுத்துவிடுங்கள். சக ஊழியர் கேட்கும் கேள்விதான் ரொம்பக் குத்தும்.

திருத்தம் சொல்லும்போது ஆளுக்கு ஒரே ஒரு குறை. நிருபர் வேலையிலிருந்து வருபவர்கள் தோற்பது இந்த இடத்தில். பத்துக் குறை கண்ணில் படும், பத்தையும் சொல்லிவிடுவார்கள், எதிரே இருப்பவர் அடுத்த சுற்றில் வாயே திறக்கமாட்டார். முதல் சுற்றுக்குப் பிறகு பதிலின் நீளத்தை மட்டும் பாருங்கள். செய்தியில் அவருடைய பேச்சிலிருந்து 10, 15 விநாடிதான் எடுப்பார்கள். 70 விநாடி பேசினால் எந்த 15 விநாடி என்று முடிவு செய்வது எடிட்டர். இதைச் சொல்லாமல் காட்டலாம்: அவர் பேசியதிலிருந்தே இரண்டு விதமாக 15 விநாடி வெட்டிப் போடுங்கள், ஒன்று நல்லபடியாக, ஒன்று மானம் போகிற மாதிரி. கேமராமேன் தேநீர் இடைவேளையில் போனிலேயே வெட்டிவிடலாம்.

கேள்வியிலிருந்து நழுவித் தன் செய்திக்கு வரும் உத்தியைப் பல பயிற்றுநர்கள் மந்திரம் மாதிரி சொல்லிக்கொடுக்கிறார்கள். பதில் சொல்லாமல் தாவுவதை நிருபர் மூன்றாவது விநாடியில் கண்டுபிடித்துவிடுவார், அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். முதல் வாக்கியம் கேட்டதற்குப் பதிலாக இருக்க வேண்டும். தெரியாது என்றால் தெரியாது, எப்போது தெரியும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் தாவல். "நோ கமென்ட்" கூடவே கூடாது. ஏன் சொல்ல முடியாது என்பதைச் சொல்லலாம்.

கருவி: போன் கேமராவே போதும், ஆனால் 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 பிரேமில் எடுத்தால் சில அறைகளில் குழல்விளக்கு வரிவரியாக ஓடும். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், பேட்டி நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். சட்டையில் குத்தும் மைக் ஆளுக்கு ஒன்று வேண்டாம், அறைக்கு ஒன்று, மாற்று ஒன்று. ஜன்னலுக்கு முதுகு காட்டி யாரையும் உட்கார வைக்காதீர்கள். போட்டுக் காட்டப் புரொஜெக்டரை நம்பாமல் எச்.டி.எம்.ஐ. கேபிளும் ஒரு டிவியும் கேளுங்கள். புரொஜெக்டர் இருந்தாலும் ஒலிபெருக்கி இருக்காது, குரலைக் கேட்காமல் திருத்த முடியாது. நீட்டிப்புக் கம்பி இரண்டு, ஒட்டும் டேப் ஒரு சுருள்.

பதிவு எடுக்கும் முன் ஒரு தாளில் சம்மதம் வாங்குங்கள்: எதற்கு எடுக்கிறோம், யாரிடம் இருக்கும், எப்போது அழிப்போம். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு மேலாளர் தடுமாறும் காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றினால் அந்தத் தொழிற்சாலை வாசலை மறந்துவிட வேண்டியதுதான்.

---

செய்திமேசை_கேஎல்

ரொம்ப நன்றி அண்ணா. அவர்கள் 12 பேர், ஒரு அறை, வெள்ளிக்கிழமை என்று பிடிவாதமாக இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதான் உற்பத்தி குறைவாம்.

---

பாயான்_பாரு

வெள்ளிக்கிழமை வேண்டாம். 12 மேலாளரில் முஸ்லிம்கள் இருப்பார்கள், தொழுகைக்கு 12.15லிருந்து 2.45 வரை விட வேண்டும். அந்த இரண்டரை மணி நேரத்தைக் கழித்து 7 மணி நேரம் வர வேண்டுமானால் காலை 8.30க்குத் தொடங்கினாலும் மாலை 6 ஆகிவிடும். பாயான் லெப்பாஸ் சாலை அந்த நேரத்தில் எப்படி இருக்கும் என்று பினாங்கில் யாரையும் கேட்டுப் பாருங்கள், 5 மணிக்கே ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். வேறு நாளே கிடைக்காது என்றால் இரண்டு அரைநாளாக உடைக்கலாம், ஆறு ஆறு பேராக. தொழிற்சாலைக்கும் அது வசதி, எல்லா மேலாளரையும் ஒரே நாளில் லைனை விட்டு எடுக்க வேண்டாம். அரைநாளில் மூன்று சுற்றும் ஆறு பேருக்கு 180 நிமிடம், ஒரு கேமராவே போதும். ஆனால் மற்ற பகுதியைச் சுருக்க வேண்டும்: செய்திக் குறிப்பு எழுதுவதை முன்வேலையாக அனுப்பிவிடுங்கள்.

அறையைப் பற்றி: பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், பி.எஸ்.டி.சி., பாயான் லெப்பாஸிலேயே 1989லிருந்து இருக்கிறது. அங்கே பக்கத்துப் பக்கத்து அறை கிடைக்குமா என்று தொழிற்சாலை வழியாகவே கேட்கச் சொல்லுங்கள். தொழிற்சாலைக்குள்ளேயே நடத்தினால் கேமரா உள்ளே கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி எழுத்தில் வாங்குங்கள். பல ஆலைகளில் காவல் அறையிலேயே போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். காலை எட்டரைக்குப் பாதுகாவலரோடு வாதாடி ஒன்றும் ஆகாது.

பாடத்தில் மூன்றாம்_மைக் 40 நிமிடம் ஒதுக்கிய நெருக்கடி அறிக்கை இருக்கிறதே, பினாங்கு ஆலைகளுக்கு அதுதான் உயிர். தீ, ரசாயனக் கசிவு, வேலையிட விபத்து. இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. தலைமையகம் அமெரிக்காவில் இருக்கும். இங்கே காலை 10 மணிக்கு விபத்து நடந்தால் கலிபோர்னியாவில் முந்தின நாள் மாலை ஆறோ ஏழோ. அங்கே ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் வீட்டுக்குப் போயிருப்பார். இங்கே பத்து நிமிடத்தில் பக்கத்து ஆலைக்காரன் எடுத்த புகைக் காணொளி பேஸ்புக்கில் ஓடிக்கொண்டிருக்கும், கேட்டில் நிருபர் நிற்பார்.

அதனால் பயிற்சியில் நான்கு வாக்கிய அறிக்கையை அவர்களே எழுத வேண்டும்; எழுதியதைத் தலைமையகத்துக்கு அனுப்பி வார்ப்புருவாக முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவைக்கச் சொல்லுங்கள். முதல் வாக்கியம் என்ன, எங்கே, எத்தனை மணிக்கு. இரண்டாவது ஆட்கள் நிலை: எல்லோரும் வெளியேறிவிட்டார்களா, யாருக்காவது சிகிச்சை நடக்கிறதா. மூன்றாவது இப்போது யார் கையில் இருக்கிறது, பொம்பா (தீயணைப்புப் படை) வந்துவிட்டதா. நான்காவது அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. காரணம் எழுதவே கூடாது. "மின்கசிவாக இருக்கலாம்" என்று ஒரு மேலாளர் உளறினால் விசாரணை முடியும்வரை அதுதான் தலைப்பு. பாதிக்கப்பட்டவர் பெயர் குடும்பத்துக்குத் தெரியும் முன் வரக் கூடாது. வகுப்பில் இதை 15 நிமிடத்தில் எழுத வையுங்கள். எழுதி முடிக்கும் நேரத்தில் சம்பவத்தை மாற்றுங்கள்: காயம் இல்லை என்றது இப்போது இரண்டு பேருக்குக் காயம். பாதிப் பேர் முதல் அறிக்கையை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவார்கள். அது தப்பு, முந்தைய அறிக்கை எத்தனை மணிக்கு வந்தது, அதில் எது மாறியது என்று சொல்லித் திருத்த வேண்டும். இல்லையென்றால் மறைத்தார்கள் என்று பெயர் வரும்.

---

சிவப்பு_மை

எல்லோரும் கேமராவிலேயே நிற்கிறீர்கள், எழுத்துப் பட்டறையைப் பற்றியும் சொல்கிறேன். "தெரிந்த தொழிலைப் பாடமாக எப்படிக் கட்டுவது" என்ற கேள்விக்கும் இதில்தான் பதில்.

அனுபவம் உள்ள துணையாசிரியருக்கு ஒரு அறிக்கையைப் பார்த்த மாத்திரத்தில் எது தப்பு என்று கை போய்விடும். ஏன் என்று கேட்டால் சொல்ல வராது. அதனால் வகுப்பில் "செய்தி மாதிரி எழுதுங்க" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வார்கள், கேட்பவருக்கு ஒன்றும் ஏறாது. இதை உடைக்க ஒரு வழி: உங்கள் மின்னஞ்சலுக்கு வந்த அறிக்கைகளில் 30 எடுங்கள். பெயர், அமைப்பு எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். ஒவ்வொன்றையும் திருத்துங்கள், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓரத்தில் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அதே காரணம் திரும்ப வந்தால் கோடு போடுங்கள். 30 முடியும்போது ஏழெட்டுக் காரணம்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அதிகம் கோடு விழுந்த நான்கு காரணம்தான் உங்கள் அரைநாள் பாடம். மீதியை விட்டுவிடுங்கள், நல்லதாகவே இருந்தாலும்.

ஆலய, சங்க அறிக்கைகளில் என்ன வரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். முதல் பத்தி முழுக்கப் பிரமுகர் பெயரும் பட்டமும்; நிகழ்ச்சி என்ன என்பது மூன்றாவது பத்தியில். தேதி இருக்கும், நேரம் இருக்காது. இடத்தின் பெயர் இருக்கும், எந்த வாசல், வண்டி எங்கே நிறுத்துவது என்பது இருக்காது. தொடர்பு எண் இருக்காது, இருந்தாலும் எடுக்கமாட்டார்கள். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சுருங்கிப்போயிருக்கும். படத்தில் இருப்பவர் யார், இடமிருந்து வலமா என்று எழுதியிருக்காது. அப்புறம் அந்த "சிறப்பாக நடைபெற்றது". எல்லாமே சிறப்பாகத்தான் நடக்கிறது நம் ஊரில்.

பயிற்சித் தாள் ஒன்று செய்யுங்கள். தைப்பூசத்தை வைத்தே செய்யலாம், பத்துமலையோ தண்ணீர்மலையோ எல்லோருக்கும் பழக்கம். ஒழுங்கில்லாமல் 14 தகவல் கொடுங்கள்: ரதம் புறப்படும் நேரம், மூடப்படும் சாலை, முதலுதவிக் கூடாரம், பிளாஸ்டிக் பயன்பாடு பற்றிய நிர்வாகத்தின் வேண்டுகோள், தலைவரின் நன்றி, இப்படி. அதில் இரண்டு ஒன்றுக்கொன்று முரணாக இருக்க வேண்டும், ஒரு இடத்தில் இரவு 10 மணி, இன்னொரு இடத்தில் 10.30. ஒன்றுக்கு யார் சொன்னது என்பதே இருக்கக் கூடாது. 20 நிமிடம், 120 சொல். முரணைக் கண்டுபிடித்துக் கேட்பவர் எத்தனை பேர் என்று பாருங்கள். கேட்காமல் ஏதோ ஒரு நேரத்தை எடுத்துப் போட்டவர்களைத் திட்டாதீர்கள், அந்த அறிக்கையை அப்படியே பலகையில் எழுதி, இதை நம்பி 10 மணிக்கு வந்து நிற்கும் பக்தர் யாரைத் திட்டுவார் என்று கேளுங்கள்.

திருத்தி எழுதிய மாதிரி விடையோடு, வரக்கூடிய தப்புகளின் பட்டியலையும் முன்னாலேயே கையில் வையுங்கள். 20 தாளை வகுப்பிலேயே படித்துத் திருத்த நேரம் இராது. மூன்று தாளை எடுத்து எல்லோர் முன்னாலும் திருத்துங்கள், மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொண்டு அந்த நான்கு காரணத்தை மட்டும் தேடட்டும்.

மின்னல் எஃப்.எம்.முக்கோ வேறு வானொலிக்கோ அனுப்புவதையும் சேர்த்தால், ஆங்கிலக் கையேட்டில் இருக்கும் சொல்-விநாடிக் கணக்கை எடுக்காதீர்கள். தமிழ்ச் சொல் நீளம், உருபெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். 30 விநாடி அறிவிப்பை நீங்களே உரக்கப் படித்து எத்தனை சொல் வருகிறது என்று பார்த்து அந்த எண்ணைக் கொடுங்கள்.

---

பின்வரிசை

இன்னொன்று, யாரும் சொல்லவில்லை. பங்கேற்பாளராக உட்கார்ந்து பார்த்தால் ஊடகப் பயிற்றுநர்களைப் பற்றி வரும் ஒரே புகார் கதை. எந்த அமைச்சர் என்ன திட்டினார், எந்தக் கலவரத்தில் கேமரா உடைந்தது. கேட்க ஜோராக இருக்கும், மதிப்பீட்டுப் பாரத்தில் 5க்கு 5 விழும். திங்கட்கிழமை அலுவலகத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. மணிக்கு ஒரு கதை, இரண்டு நிமிடம், அதுவும் அடுத்த பயிற்சிக்கு வழிவிட்டால் மட்டும் என்று உங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். மூன்று பேர் இருக்கிறீர்களே, பேசாதவர் கடிகாரம் பிடிக்கட்டும்.

மதிப்பீட்டுப் பாரத்தை நம்பாதீர்கள் என்பதும் அதனால்தான். பயிற்சியை மதிப்பிடக் கிர்க்பேட்ரிக் சொன்ன நான்கு படியில் அது முதல் படி, பிடித்ததா இல்லையா என்பது மட்டும். ஒரு மாதம் கழித்து அந்த ஆலயம் அனுப்பிய மூன்று அறிக்கையை வாங்கிப் பாருங்கள், சிவப்பு_மை சொன்ன நான்கு காரணத்தில் எத்தனை குறைந்திருக்கிறது என்று. அந்த ஒரு தாள் அடுத்த வாடிக்கையாளரிடம் காட்டவும் உதவும்.

சட்டப் பகுதி வைத்தால் ஸ்லைடில் தேதி போடுங்கள். தொடர்பு, பல்லூடகச் சட்டம் 1998, பிரிவு 233இல் (புண்படுத்தும், பொய்யான இணையப் பதிவுகள் பற்றியது) பழைய அபராதமான 50,000 வெள்ளியை (ரிங்கிட்) இன்னும் காட்டிக்கொண்டிருக்கும் ஸ்லைடுகள் சுற்றுகின்றன. 2025 பிப்ரவரியில் திருத்தம் அமலுக்கு வந்து அது 500,000 வரை போய்விட்டது, சிறை 2 ஆண்டு வரை. ஆலய, சங்க பேஸ்புக் பக்கம் நடத்துபவர்களுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள்: 2021இல் கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 500,000 வெள்ளி அபராதம் போட்டது வாசகர்கள் எழுதிய கருத்துக்காக. கருத்துப் பெட்டியை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள், அறை அமைதியாகிவிடும். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கு, துன்புறுத்தல் விஷயத்தில் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் பிரிவு 15 பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, பள்ளி, படம், அடையாளம் காட்டும் எதுவும் கூடாது. பள்ளிச் சீருடை தெரியும் படத்தில் முகத்தை மட்டும் மறைப்பது போதாது.

---

கணக்குப்பிள்ளை

கட்டணத்துக்கு வருகிறேன். தரைவிலை ஒன்றைக் கண்டுபிடித்து அதற்குக் கீழே இறங்காதீர்கள். உதாரணமாகக் கடைசிச் சம்பளம் 6,600 வெள்ளி என்று வைப்போம். 22 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 300. ஒரு நாள் வகுப்புக்கு முதல் முறை இரண்டு நாள் தயாரிப்பு, அரைநாள் பின்தொடர்பு, ஆக மூன்றரை நாள்: 1,050. முதலாளி கட்டிக்கொண்டிருந்த இ.பி.எஃப். (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), மருத்துவம், விடுமுறை இதற்கெல்லாம் 30 விழுக்காடு சேர்த்தால் 1,365. இது ஒரு ஆளுக்கு. கேமரா வாடகை, பினாங்குப் பயணம், ஓர் இரவுத் தங்கல் தனி.

---

மூன்றாம்_மைக்

இந்தக் கணக்கு 22 நாளும் வேலை கிடைக்கும் என்று நம்புகிறது, அண்ணே. தனிப் பயிற்றுநருக்கு மாதம் ஆறு நாள் விற்றால் பெரிது. நோன்பு மாதத்தில், ஆண்டுக் கடைசியில், சீனப் பெருநாள் சமயத்தில் அதுவும் இல்லை. 6,600ஐ ஆறால் வகுங்கள், 1,100. அதன்மேல் உங்கள் 30 விழுக்காடு போட்டால் 1,430, அதற்கு மேல் தயாரிப்பு நாள்.

---

கணக்குப்பிள்ளை

சரிதான். இரண்டில் எது பெரிதோ அது தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பு நாளை இரண்டாவது முறை அதே பாடம் நடத்தும்போது பாதியாக்கலாம், விலையைக் குறைக்காமல்.

ஒப்பந்தத்தில் நான்கு வரி கட்டாயம். பணம் "இன்வாய்ஸ் தேதியிலிருந்து 30 நாள்" என்று இருக்கட்டும், "எச்.ஆர்.டி. கார்ப் கொடுத்த பிறகு" என்று எழுதினால் பயிற்சி நிறுவனத்தின் பாரத் தப்பு உங்கள் வயிற்றில் அடிக்கும். 14 நாளுக்குள் ரத்து செய்தால் பாதிக் கட்டணம், 3 நாளுக்குள் என்றால் முழுசும். ஆள் எண்ணிக்கை உச்சவரம்பு, மீறினால் கூடுதல் பயிற்றுநர் கட்டணம். பயிற்சித் தாளும் ஸ்லைடும் உங்களுடையது, உங்களை விட்டுவிட்டு வேறு ஆளை வைத்து நடத்தப் பயன்படுத்தக் கூடாது.

மூவரும் ஒரே வணிகப் பெயரில் என்றால் எஸ்.எஸ்.எம்.மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு ஆண்டுக்கு 60 வெள்ளி. வருமான வரிக்கு இனிமேல் சம்பளக்காரர்களின் பி.இ. பாரம் இல்லை, தொழில் வருமானத்துக்கான பி. பாரம். ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், டோல் ரசீது உட்பட.

---

செய்திமேசை_கேஎல்

எல்லோருக்கும் நன்றி. தொழிற்சாலையிடம் பேசியதில் ஆறு ஆறு பேராக இரண்டு காலை, செவ்வாயும் புதனும் என்று ஒத்துக்கொண்டார்கள். கடைசியாக ஒன்று: வேலை பார்த்த பத்திரிகையில் வந்த செய்திகளையும் டிவி காட்சிகளையும் உதாரணமாகப் போடலாமா? நாங்கள் எழுதியதுதானே.

---

சிவப்பு_மை

எழுதியது நீங்கள், உரிமை உங்களுடையது இல்லை. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 26 படி வேலையின் பகுதியாகச் செய்ததன் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். பழைய ஆசிரியர் குழுவிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், எந்தப் பக்கம், எந்தக் காட்சி, எந்த வகுப்புக்கு என்று குறிப்பிட்டு. காத்திருக்க நேரம் இல்லையென்றால் அதே மாதிரியான செய்தியை நீங்களே புதிதாக எழுதிக்கொள்ளுங்கள், கற்பனை ஆலை, கற்பனைப் பெயர் வைத்து. இரண்டு தப்பை வேண்டுமென்றே புகுத்தவும் முடியும். நான் சொன்ன அந்த 30 அறிக்கையிலும் கவனம் வேண்டும்: அலுவலக மின்னஞ்சலில் வந்ததைத் தொடாதீர்கள். உங்கள் சொந்த முகவரிக்கு வந்ததை மட்டும் எடுங்கள், போதாததற்கு ஆலயங்களிடமே கடைசியாக அனுப்பிய மூன்று அறிக்கையைப் பட்டறைக்கு ஒரு வாரம் முன்னால் கேட்டு வாங்குங்கள்.